கடற்கரை வீட்டுக்கு எந்த ரிவால்வர்: ஸ்மித்தா, கான்பூரா, நிர்பீக்கா?

ஆயுத விதிகள் 2016இன்படி, லைசன்ஸ் வைத்திருப்பவர் 70 வயதை எட்டினாலோ, ஓர் ஆயுதத்தை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே அதை வாரிசின் பெயருக்கு மாற்றிக் கொடுக்க மனுச் செய்யலாம். எனக்கு அந்த வயது நெருங்கிவிட்டது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினம் பக்கம் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. தோப்பையும் தேங்காய் மண்டியையும் இனி என் மகள்தான் பார்க்கப்போகிறாள். என்னிடம் இருப்பவை இரண்டு ரிவால்வர்கள்: அப்பாவிடமிருந்து வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒன்று, நானே வாங்கிய கான்பூர் தயாரிப்பு ஒன்று. இந்த இரண்டும் வேண்டாம், புதிதாக நிர்பீக் என்ற ரிவால்வர் ஒன்றை வாங்கிக் கொடுங்கள் என்கிறார் கீழக்கரையில் இருக்கும் நண்பர். அவர் வைத்திருப்பது அதுதான்.

முன்பென்றால் மூன்றையும் வைத்துக்கொள்ளலாம். 2019 டிசம்பரில் வந்த ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவருக்கு இரண்டு ஆயுதம்தான் என்று குறைத்துவிட்டது. பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும். தாத்தா காலத்து 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி அப்போதே எங்கள் வீட்டைவிட்டுப் போனது. அதனால் எதைக் கொடுப்பது என்பதை நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் இவற்றைச் சுட்டும் துடைத்தும் பழகியதில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். இதே கடற்கரையில் வீட்டில் பழைய ரிவால்வர் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைப்பவர்களுக்கு இது உதவும்.

தோட்டாவைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடலாம், மூன்றுக்கும் அது ஒன்றுதான். 1896இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த .32 லாங். நம் நாட்டில் .38 ரிவால்வர் தடைசெய்யப்பட்ட போரில் (குழல் விட்ட அளவில்) வருகிறது, சாதாரண லைசன்ஸில் கிடைக்காது. ஆகவே ரிவால்வர் என்றால் பெரும்பாலும் .32தான். குண்டு 98 கிரெயின், அதாவது ஆறு கிராம் சொச்சம். இதைச் சின்னத் தோட்டா என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. உதை குறைவு, சத்தம் அடக்கம், குறி சுத்தம். 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் பல நாட்டு வீரர்கள் இந்தத் தோட்டாவைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். .32 பிஸ்டலுக்குரிய ஏ.சி.பி. தோட்டா வேறு, ரிவால்வர் தோட்டா வேறு. கடையில் வெறுமனே "முப்பத்திரண்டு" என்று கேட்காமல் ரிவால்வர் தோட்டா என்று சொல்லிக் கேளுங்கள்.

தோட்டா ஒரே ரகம், சுழலும் சிலிண்டரில் தோட்டா போடும் அறைகள் ஆறு, மூன்றும் நம்பகமானவை. அப்படியானால் வித்தியாசம் எங்கே என்றால், எங்கள் ஊர்க் காற்றில் இருக்கிறது.

வைகாசி பிறந்தால் மன்னார் வளைகுடாப் பக்கம் தென்மேற்குக் காற்றான கச்சான் பிடித்துக்கொள்ளும். ஐப்பசிக்கு மேல் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாடையின் முறை. இரண்டுக்கும் நடுவே கிடக்கிற இந்த மாவட்டத்தில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பம்புசெட் போல்ட் எதுவும் தப்பாது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் துருவோடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பெயிண்டும் தேவைப்பட்டன. அந்தக் காற்றுத்தான் என் அலமாரிக்குள்ளும் வருகிறது. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ உட்கார்ந்து ரிவால்வர்களை ஒப்பிடுகிறவர்கள் குறியில் தொடங்குவார்கள். நான் துருவில் தொடங்குகிறேன்.

அப்பாவுடைய ஸ்மித், ரெகுலேஷன் போலீஸ் என்ற ரகம். அந்த ரகம் முதலில் வந்தது 1917இல். நாலே கால் அங்குலக் குழல், எடை அரைக் கிலோவை ஒட்டி. நிக்கல் முலாம் பூசியது. தேயிலைத் தோட்டம் ஒன்றில் மேலாளராக இருந்தவரிடம் அப்பா 1970களில் வாங்கினார். நான் கையில் எடுத்தவற்றில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல மாட்டேன். தோட்டாவைத் தட்டும் சுத்தியலான ஹேமரைப் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டு ட்ரிகரில் விரலைப் போட்டால், இழுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. நினைத்த நொடியில் விடுபடும். ஹேமரை இழுக்காமல் ட்ரிகரை மட்டுமே அழுத்திச் சுட்டாலும், சிலிண்டர் திரும்பி அறை பூட்டிக்கொள்வதை விரல் உணரும், அதற்கப்புறம் ஒரு மயிரிழை அழுத்தம்தான். மதுரையில் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பதினைந்து மீட்டரில், என் வயதுக் கண்ணுக்கும் ஆறு குண்டும் ஒரு கொட்டாங்கச்சி அகலத்துக்குள் விழும். கையால் தேய்த்துப் பொருத்திய காலத்து வேலை அது. இப்போது அந்த நேரத்தை யாரும் ஒரு ரிவால்வருக்குச் செலவிடுவதில்லை.

குறை என்று பார்த்தால் முதலில் நிக்கல் முலாம். முழுசாக இருக்கும்வரை இரும்புக்கு அதைப்போலக் காவல் இல்லை. ஓர் இடத்தில் பெயர்ந்துவிட்டால் அதே முலாம் துருவுக்கு மறைவிடம் ஆகிவிடும். என்னுடையதில் குழலின் வாய்க்குக் கீழே அரிசி அளவுக்குப் பெயர்ந்திருக்கிறது. மேலே பார்த்தால் பளபளப்பு, விளிம்பில் நகத்தை வைத்தால் செம்பழுப்புத் தூள் ஒட்டுகிறது. உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. அம்மோனியா கலந்த செம்பு நீக்கும் திரவத்தையும் இதன்மேல் படவிடக் கூடாது. முலாமுக்கு அடியில் செம்புப் பூச்சு இருந்தால் அதைத் தின்று முலாமை உரித்துவிடும்.

அடுத்தது, திறக்கிற விதம். ஸ்மித்தில் இடப்பக்கத்துத் தாழை முன்னால் தள்ளினால் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும், நடுத் தண்டை அழுத்தினால் காலித் தோட்டாக்கள் விழும். சுடுவதற்கு நல்ல ஏற்பாடு. ஆனால் சிலிண்டரைத் தனியே எடுக்க வேண்டுமென்றால் வலப்பக்கத்து முன் திருகைக் கழற்ற வேண்டும். அந்தத் திருகின் பள்ளத்துக்குச் சரியாக உட்காரும் திருப்புளி இல்லையென்றால் தலை சிதைந்துவிடும். உள் இயக்கத்தை மூடியிருக்கும் பக்கத்தகட்டைத் திறக்கிற வேலை துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரருடையது, வீட்டில் தொடக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை தகட்டைத் திறந்து பார்த்தால் எங்கள் ஊருக்குப் போதாது.

மூன்றாவது, உதிரி. நம் நாட்டில் தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. ஒரு ஸ்பிரிங் உடைந்தால் கடைந்து செய்யத் தெரிந்த கைக்காரரைத் தேடிப் போக வேண்டும். அந்தக் கைக்காரர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாதுகாப்பு விஷயமும் ஒன்று உண்டு. இதே ரகத்தில் பழையவற்றில், கீழே விழுந்தால் ஹேமர் முன்னேறாமல் தடுக்கும் இன்றைய தடுப்பு கிடையாது. அதனால் நான் ஹேமருக்கு நேரே வரும் அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டுமே போடுவது வழக்கம். பழைய ரிவால்வர் யார் வைத்திருந்தாலும் இதைச் செய்ய வேண்டும்.

கான்பூர் ரிவால்வருக்கு வருகிறேன். கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரி செய்தது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்த பிறகு, அவற்றில் ஒன்றான ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற பெயரில் வருகிறது. வம்சம் பார்த்தால் இங்கிலாந்தின் வெப்லி மார்க் நான்கு. மூன்று அங்குலக் குழல், எழுநூறு கிராம் எடை. பார்க்க அழகில்லை. ஸ்மித்தின் பக்கத்தில் வைத்தால் கொல்லன் பட்டறையிலிருந்து நேராக வந்த மாதிரி இருக்கும். ஹேமரை இழுக்காமல் ட்ரிகரை அழுத்திச் சுடுவது கடினம், அழுத்துகிற அழுத்தத்தில் குழல் நுனி கீழே சாய்ந்துவிடும். விரலைப் பழக்க வெகுகாலம் பிடிக்கும். ஹேமரை இழுத்துச் சுட்டால் ஒழுங்காகச் சுடும். அதே பதினைந்து மீட்டரில் ஸ்மித் போடுகிற வட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு போடும். வீட்டுக் காவலுக்கு அது தாராளம்.

ஆனால் திறந்து பாருங்கள். கட்டைவிரலால் தாழை அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால், ரிவால்வர் நடுவில் முறிந்ததுபோல் விரியும். அந்த ஒரே அசைவில் நட்சத்திர வடிவ நீக்கி மேலே எழுந்து ஆறு காலித் தோட்டாக்களையும் உள்ளங்கையில் கொட்டிவிடும். குழலின் பின்வாய், சிலிண்டரின் இரு முகம், கீல், பூட்டு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். குழலைப் பின்னாலிருந்து முன்னால் துடைக்கலாம், ஸ்மித்தில் முன்வாயிலிருந்துதான் கம்பியை விட வேண்டும். உப்புக் காற்றில் இந்த வசதிக்கு எவ்வளவு விலையும் தரலாம். துரு முதலில் உட்காருவது கண்ணுக்குத் தெரியாத மூலைகளில்தான். கான்பூரில் அப்படிப்பட்ட மூலைகள் குறைவு. இருக்கிற முக்கியமான ஒன்று கைப்பிடிப் பலகைக்கு அடியில். ஒரே திருகு. மாதம் ஒருமுறை பலகையை எடுத்துவிட்டு எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

இதற்கும் குறை உண்டு. மடக்கு ரிவால்வர்களில் அவசரத்தில் திறந்தால், ஒரு காலித் தோட்டாவின் விளிம்பு நீக்கிக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் மூடவும் முடியாது, தோட்டாவை எடுக்கவும் முடியாது, நகத்தால் நெம்ப வேண்டும். குழல் நுனியை மேலே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, தயங்காமல் ஒரே வீச்சில் திறந்தால் இது வராது. கீலும் பூட்டும் நாள்பட நெகிழும். வாங்கும்போதும் சரி, வாங்கிப் பல வருஷம் கழித்தும் சரி, மூடிய நிலையில் குழலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரியக்கூடாது. கறுப்புப் பூச்சு எண்ணெய் இல்லாமல் இரும்பைக் காக்காது, ஆனால் துருவை மறைக்கவும் மறைக்காது. எங்கே பிடித்தாலும் அன்றைக்கே கண்ணில் படும். நிக்கலோடு ஒப்பிட்டால் இதுதான் எனக்குப் பெரிய வித்தியாசம்.

நிர்பீக், 2014 ஜனவரியில் கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி வெளியிட்டது. பெண்களுக்கென்றே சொல்லி விற்றார்கள். டைட்டானியக் கலப்பு உலோகம், ஐநூறு கிராம், வந்தபோது விலை ரூ.1,22,360. துரு என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால் இதுதான் முதலில் நிற்க வேண்டும், உப்பு டைட்டானியத்தை ஒன்றும் செய்யாது. கீழக்கரை நண்பரின் வாதமும் அதுதான். "அண்ணே, பைக்குள்ள இருக்கிறதே தெரியாது, துடைக்கிற வேலையும் மிச்சம். வேற என்ன வேணும்?" என்பார். ரேஞ்சில் அவர் பக்கத்திலேயே நிற்க நானும் சுட்டுப் பார்த்திருக்கிறேன்.

துடைக்கிற வேலை மிச்சம் என்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. வெளிச் சட்டம் டைட்டானியமாக இருந்தாலும் உள்ளே ஸ்பிரிங்கும் பின்களும் எஃகுதான். வெளியே ஒரு புள்ளி துரு இல்லாததால் உள்ளே பார்க்கத் தோன்றாது. அவருடையதைத் திறந்தபோது ட்ரிகருக்குப் பின்னால் உப்பும் தூசியும் பிசினாகச் சேர்ந்திருந்ததைக் காட்டினேன். எடை குறைவு என்பதும் இருபுறம் வெட்டும். பையில் வைக்கச் சுகம், சுடும்போது அதே தோட்டா கையில் கூடுதலாக உதைக்கும். .32 என்பதால் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் புதிதாகப் பழகுகிறவர் கண்ணை மூடத் தொடங்குவது அங்கேதான். வலது தோளில் பையை மாட்டிக்கொண்டு மண்டிக்கும் வங்கிக்கும் தினமும் பணத்தோடு அலைகிறவர்களுக்கு நிர்பீக் சரி. வீட்டில் பூட்டி வைத்திருந்து எப்போதாவது ரேஞ்சுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு எடை குறைவதால் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023இல் வந்த பிரபல், ஸ்மித்தைப்போலச் சிலிண்டர் பக்கவாட்டில் திறப்பது. இதுவும் எழுநூறு கிராம், ட்ரிகர் பழைய கான்பூரைவிட நன்றாகவே இருக்கிறது. புது லைசன்ஸ்காரர் ஒருவர் உள்நாட்டுப் பக்கம் இருந்தால் அதைத்தான் பார்க்கச் சொல்வேன். உத்தரப் பிரதேசத்துச் சண்டிலாவில் தயாராகும் வெப்லி அண்ட் ஸ்காட் .32, 2020இல் வந்தது, மடக்கு வகை. பெயருக்காக ஆசைப்படலாம். .22இல் வரும் நிடர் பழகுவதற்கு ஆகும், காவலுக்கு வாங்க வேண்டாம்.

எந்த ரிவால்வரானாலும் வைக்கிற விதம்தான் பாதிக் கதை. தோல் உறையில் போட்டு அலமாரியில் வைப்பதைப்போலக் கெடுதல் வேறில்லை. தோல் பதனிட்ட உப்பு அதிலேயே இருக்கும், காற்றின் ஈரத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும். உறையின் தையல் தடம் அப்படியே இரும்பில் துருவாகப் பதிந்ததைப் பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் தொடவே கூடாது. எங்கள் பக்கம் கைக்கு எட்டுவது அதுதான் என்பதால் பலரும் தடவுகிறார்கள், நாளாக நாளாகப் பிசுபிசுத்து ஸ்பிரிங்கையே பிடித்துவிடும். துப்பாக்கி எண்ணெய் இல்லாவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை. பருத்தித் துணியில் எண்ணெய் தோய்த்துச் சுற்றி, இறுக்கமாக மூடும் இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. பித்தளை பச்சை பூத்த தோட்டாவை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஸ்டேஷனில் கொடுக்கலாம், லைசன்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலும் கொடுக்கலாம். ஒருமுறை ஸ்டேஷனில் இருந்து ஸ்மித்தைத் திரும்ப வாங்கியபோது கைப்பிடிக்குக் கீழே துரு பூத்திருந்தது. அப்போதிருந்து நான் கடையில்தான் கொடுக்கிறேன். கட்டணம் வாங்குகிறார்கள், ஆனால் எண்ணெய் போட்டு வைக்கிறார்கள். அங்கேயும் கவலை ஸ்மித்தைப் பற்றித்தான் இருந்தது. கான்பூரை வாங்கியதும் மடக்கித் திறந்து, கடை வாசலிலேயே முழுசாகப் பார்த்துவிட முடிகிறது.

மகளை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் என்னிடம் இருக்கும் இரண்டையும் கையில் கொடுத்தேன். ஸ்மித்தை எடுத்த உடனே அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது.

"ப்பா, இது கைக்குள்ளயே உட்காருதுப்பா. இதையே எனக்குக் குடுங்க."

"உட்காரும் தாயி. தாத்தாவுக்கும் அப்படித்தான் உட்கார்ந்துச்சு. ஆனா கச்சான் மாசத்துல வாரம் ஒருக்கா இதைத் துடைச்சு, முலாம் பேர்ந்த இடத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். மண்டி வேலைக்கு நடுவுல முடியுமா?"

"முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா தள்ளிப் போட்டுருவேன்."

அந்தப் பதிலில் நேர்மை இருந்தது. நான் முடிவு செய்ததும் அதை வைத்துத்தான். சுடுவதற்கு எது சிறந்தது என்று கேட்டால் என் பதில் கடைசிவரை ஸ்மித்தான், அதில் மாற்றமில்லை. இந்த வீட்டில், இந்தக் காற்றில், வேலைக்கு நடுவே ஒருவர் பராமரித்து வைத்திருக்க எது சிறந்தது என்று கேட்டால் கான்பூர். நிர்பீக் வாங்குகிற பணத்துக்கு மகள் தோட்டா வாங்கிப் பழகட்டும். ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது லைசன்ஸிலேயே எழுதியிருக்கும், அந்த எண்ணிக்கை முழுவதையும் வாங்கிச் சுடுகிறவர்கள் அபூர்வம்.

ஸ்மித் மகனுக்குப் போகிறது. அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான், அங்கே உப்புக் காற்று இல்லை, ரைஃபிள் கிளப் இருக்கிறது, ஆர்மரரும் எட்டும் தூரத்தில். அந்த ரிவால்வருக்கு இன்னும் ஒரு தலைமுறை ஆயுள் வேண்டுமென்றால் அது கடலைவிட்டு விலகியாக வேண்டும். போவதற்கு முன் குழல் வாயில் பெயர்ந்த இடத்தை நல்ல கைக்காரரிடம் காட்டி, முழு முலாமையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதா, அப்படியே எண்ணெயில் வைத்திருப்பதா என்று கேட்கப்போகிறேன். எண்ணெயில் வைத்திருப்பதே நல்லது என்பது என் எண்ணம். புது முலாம் பூசுகிற சாக்கில் பாலிஷ் போட்டு எழுத்துகளைத் தேய்த்துவிடுவார்கள். ஆயுதத்தில் பொறித்த எண் அழிந்தால் சட்டப்படியும் சிக்கல்.

இருவரும் தனித்தனியாக மனுப் போட வேண்டும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும், வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதிமொழியும் கேட்பார்கள். மகள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். கான்பூரின் கைப்பிடி அவள் விரலுக்குச் சற்றுத் தடிமன், தேக்கில் மெல்லிசாக ஒரு ஜோடிப் பலகை செய்யச் சொல்லியிருக்கிறேன். பழைய பலகையையும் பெட்டியிலேயே போட்டு வைக்கச் சொல்லியாகிவிட்டது, தேக்கு ஈரத்தில் உப்பினால் அதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.